காதுக்குள் ஒரு கல்

கறுப்புக் காலுறையை மாட்டக் குனிந்தபோதுதான் அறை சுழல ஆரம்பித்தது. குடைந்தெடுத்த செம்பாறைச் சுவர், அதில் மாட்டியிருந்த புனிதர் படம், அலமாரி எல்லாம் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. யெலிட்சா ஒரு கால் உறையோடும் ஒரு கால் வெறுமையாகவும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினாள். மூடினால் இருட்டு சுற்றியது.

“இன்னிக்கா வரணும்,” என்றாள் யாரிடமோ.

இன்னும் கொஞ்ச நேரத்தில் மிலுட்டினை அடக்கம் செய்ய வேண்டும். மூன்று நாளைக்கு முன் பட்டறைச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தபடியே, தேய்த்துக்கொண்டிருந்த கல்லைக்கூடக் கீழே போடாமல், அவள் கணவன் செத்துப்போனான். நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். இப்போது தெருக்கோடியில் பூமிக்குள் குடைந்த செர்பியத் தேவாலயத்தில், திறந்த பெட்டிக்குள் கிடக்கிறான். பெட்டியை மூடுமுன் ஒவ்வொருவராகக் குனிந்து அவன் நெற்றியில் முத்தமிட வேண்டும். வீட்டாரில் மனைவிதான் முதல். குனிந்தால் அவன்மேலேயே போய் விழுவாள் என்று யெலிட்சாவுக்குத் தெரியும். அவ்வளவு பேர் முன்னால் விழுவதுகூடப் பரவாயில்லை. முத்தம் கொடுக்காமல் அனுப்புவதைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மகன் துஷான் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தான். அடிலெய்டில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. பூமிக்கடியில் வாழ்வது பிடிக்காமல் பதினெட்டு வயதிலேயே ஊரைவிட்டுப் போனவன்.

“என்னம்மா, மூஞ்சியெல்லாம் வெளுத்துப்போய் கெடக்கு?”

“சுத்துது.”

“அழுதழுது அப்படித்தான் இருக்கும். நீ படு. கோயிலுக்கு வராட்டி யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

“அழுதா மூக்குதான்டா ஒழுகும். இது காதுக்குள்ள இருக்கற கல்லு.”

துஷான் அவளைப் பார்த்த பார்வையில், அம்மாவுக்கு மூளை குழம்பிவிட்டதோ என்ற பயம் நன்றாகவே தெரிந்தது. போனில் இதையெல்லாம் அவனிடம் யாரும் சொன்னதில்லை.

மூன்று குளிர்காலத்துக்கு முன் இது தொடங்கியது. கடையில் கீழ்த்தட்டு மாவுப் பையை எடுக்கக் குனிந்தவள் பையோடு சேர்ந்து விழுந்தாள். மிலுட்டின் வீட்டில் காய்ச்சும் பிளம் சரக்கு அந்த வருஷம் கொஞ்சம் தூக்கல் என்று இந்தச் சுரங்க ஊரான கூபர் பீடி முழுக்கப் பேச்சு. கடைசியில் விமானத்தில் வந்து போகும் டாக்டரம்மாதான் அவளைப் படுக்கவைத்துத் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கண்டுபிடித்தாள். காதுக்குள்ளே, ஆழத்தில், கண்ணுக்குத் தெரியாத படிகக் கற்கள் எல்லோருக்கும் உண்டாம். எது மேலே, எது கீழே என்று அவைதான் உடம்புக்குச் சொல்கின்றனவாம். ஒன்றிரண்டு இடம்பெயர்ந்து பக்கத்துக் குழாய்க்குள் உருண்டால் உலகமே சுற்றுமாம்.

வாழ்நாள் முழுக்க நிறம் மின்னும் ஓப்பல் கற்களைத் தோண்டிய மிலுட்டின் கேட்டது ஒரே கேள்வி.

“என்ன கலரு?”

டாக்டரம்மா சிரித்துவிட்டாள். “கலரெல்லாம் இல்லைங்க. சுண்ணாம்பு மாதிரி.”

“அப்ப பாட்ச்,” என்றான் மிலுட்டின். நிறம் காட்டாத வெற்றுக் கல்லுக்கு இங்கே அதுதான் பெயர். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

ரத்தத்தைப் பார்த்ததில் வைட்டமின் டி அடிமட்டத்தில் இருந்தது. வெயில் போதாதவர்களுக்கு வரும் குறை அது. அதைக் கேட்டு மிலுட்டினின் சுரங்கக் கூட்டாளி மனோலிஸ், அந்தக் கிரேக்கன், சாப்பாட்டு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். வண்டியின் கதவைத் தொட்டால் தோல் உரியும் ஊரில் வெயில் போதவில்லையாம். ஆனால் நினைத்துப் பார்த்தால் அது உண்மைதான். அந்த வெயிலுக்குப் பயந்துதானே எல்லோரும் பூமிக்குள் வீடு குடைந்தார்கள். யெலிட்சா பொழுது சாய்ந்த பிறகுதான் வாசலையே பார்ப்பாள்.

“இதனாலதான் கல்லு நகர்ந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன்,” என்றாள் டாக்டரம்மா. “சம்பந்தம் இருக்கலாம்னு சில ஆராய்ச்சியில சொல்றாங்க. இருக்கலாம், அவ்வளவுதான். எப்படியும் சத்து கொறைவா இருக்கு, மாத்திரை தர்றேன். காலைல கொஞ்ச நேரம் வெயில்ல உக்காருங்க.”

“இருக்கலாம்னா போதும் டாக்டரம்மா. இருக்கலாம்னு ஒருத்தன் சொன்னதுக்கே நான் எத்தனை குழி தோண்டியிருக்கேன் தெரியுமா?” என்றான் மிலுட்டின்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஓப்பல் தேடும் ஊதா விளக்கை எடுத்து யெலிட்சாவின் காதுக்குள் அடித்துப் பார்த்தான்.

“என்ன தெரியுது?”

“அழுக்குதான் தெரியுது. அசையாத புள்ள.”

மறுநாள் காலை, வெயில் ஏறுமுன், சமையலறை நாற்காலியை வாசலில் கொண்டுபோய்ப் போட்டான். அவள் உட்கார, பக்கத்தில் வாளியைக் கவிழ்த்து அவனும் உட்கார்ந்தான். அப்புறம் தினமும் அதே இடம்.

“என்னப்பா, அண்ணியக் காயப்போட்டிருக்கியா?” என்று மனோலிஸ் வண்டியிலிருந்து கத்துவான்.

“ஆமா, மொளகாயோட சேத்து.”

மாத்திரையோ வெயிலோ, சுற்றல் குறைந்தது. அடியோடு போகவில்லை. வரும்போதெல்லாம் மிலுட்டின் டாக்டரம்மா காட்டிக்கொடுத்தபடி அவள் தலையை இரண்டு கையிலும் ஏந்தித் திருப்பி, கல்லை வந்த வழியே அனுப்பிவைப்பான். பட்டறை விளக்கின் கீழே ஓப்பலை நிறம் எழும்வரை திருப்புகிற அதே கை, அதே பொறுமை. அந்தக் கை இப்போது பெட்டிக்குள் கட்டிக் கிடக்கிறது.

“நீ திருப்பு,” என்றாள் மகனிடம்.

“நானா? கழுத்துக்கு ஏதாவது ஆயிட்டா?”

“ஆகாது. நான் சொல்லச் சொல்லச் செய்.”

வண்டியோடு வந்து காத்திருந்த மனோலிஸ் கதவருகே நின்றான். “நான் பண்ணவா அண்ணி?”

“உன் கை பாறை ஒடைக்கிற கை. நீ தள்ளி நில்லு.”

துஷான் கோட்டைக் கழற்றினான். அவள் சொன்னபடி தலையை வலப்பக்கம் திருப்பி, கட்டில் ஓரத்தில் தொங்கும்படி மல்லாக்கச் சாய்த்தான். சுழற்சி அவளை அடித்துக்கொண்டு போனது. அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

“என் கண்ணப் பாரு. மூடினா தெறக்கச் சொல்லு.”

துஷான் பார்த்தான். அம்மாவின் கண்மணிகள் தாமாகவே துடித்துக்கொண்டிருந்தன. ஒரு பக்கமாகச் சுழன்று போய், வெட்டி இழுத்துக்கொண்டு திரும்பின. மறுபடி போயின, திரும்பின. அவள் அசையவே இல்லை. தூசியைவிடச் சிறிய ஏதோ ஒன்று உள்ளே உருண்டுகொண்டிருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கண் ஆடுகிறது என்று நினைத்ததும் அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறகு துடிப்பு தளர்ந்தது. இன்னும் தளர்ந்து, நின்றது. நின்ற கண் அவனையே பார்த்தது.

“நின்னுடுச்சும்மா,” என்றான் குசுகுசுவென்று.

“இப்ப மெதுவா அந்தப் பக்கம் திருப்பு.”

திருப்பினான். காத்திருந்தான். ஒருக்களிக்க வைத்து, முகம் தரையைப் பார்க்கும்படி உருட்டினான். மறுபடி காத்திருந்தான். மனோலிஸ் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றான். உட்காரவைத்தபோது சுவர் சுவராக நின்றது.

“அப்பா இதையா பாத்துட்டிருந்தாரு?”

“ம். மண்ணுக்குள்ள இவ்வளவு வருஷம் பாத்ததெல்லாம் இதுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல புள்ளன்னு சொல்வாரு.” யெலிட்சா இன்னொரு காலுறைக்குக் கை நீட்டினாள். துஷான் மண்டியிட்டு அவனே மாட்டிவிட்டான்.

தேவாலயத்துப் பாறைக்குள் பாதிரியாரின் குரல் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. மெழுகுவத்திகள் எரிந்தன. பெயர் சொல்லி அழைத்ததும் யெலிட்சா பெட்டியருகே போனாள். விளிம்பைப் பிடிக்கவில்லை. குனிந்தாள்.

பூமி இப்போது புரளும் என்று காத்திருந்தாள். புரளவில்லை. மிலுட்டினின் நெற்றி சில்லென்று இருந்தது. எவ்வளவு கழுவியும் போகாத வெள்ளைக் கல்தூசு புருவத்து மயிரடியில் இருந்தது. உதட்டை எடுக்காமல் அப்படியே இருந்தாள்.

நேரமாயிற்று. பின்னால் யாரோ இருமினார்கள். மனோலிஸ் பதறிப்போய் அவளைப் பிடிக்க முன்னே வந்தான். துஷான் அவன் கையைப் பற்றினான்.

“விடுங்க சித்தப்பா. அவங்க விழல.”

மறுநாள் காலை துஷான்தான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான். வெயில் அப்போதுதான் எதிர் மேட்டைத் தொட்டிருந்தது. தோதாகத் தெரிந்த இடத்தில் போட்டான். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தபடி வந்த யெலிட்சா நாற்காலியைக் காலால் கொஞ்சம் நகர்த்தினாள். நான்கு கால்களும் மண்ணில் ஏற்கெனவே இருந்த நான்கு குழிகளுக்குள் இறங்கி நின்றன. உட்கார்ந்து முகத்தை வெயிலுக்குக் கொடுத்தாள்.

பக்கத்தில், வாளி விளிம்பின் அளவுக்கு, வட்டமாக ஒரு தடம் பதிந்திருந்தது. துஷான் அதை மிதிக்காமல் சுற்றிப் போய், அவளுக்கு மறுபக்கம் தரையில் உட்கார்ந்தான்.