பெரியாத்தாள் நிறுத்திய வைஸ்

தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது, நல்லூர் தாண்டி இருந்த சின்னக்காட்டுப்பாளையத்தின் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டது. நிட்டிங் கம்பெனி வைத்திருந்த லிங்கசாமி வெகுநாளாக அந்த நாற்காலிக்குக் குறி வைத்திருந்தவர். சேதி தெரிந்ததும் முகம் தொங்கிப்போய்த் திரிந்தார். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது தெளிந்துவிட்டார்.

"இந்தா புள்ள, பிரசிடெண்டுக்கு நீ நில்லு. நான் வார்டு மெம்பருக்கு நின்னு வைஸ் பிரசிடெண்ட் ஆயிக்கறேன். பஞ்சாயத்துச் செக்குல பிரசிடெண்டும் வைஸும் கையெழுத்துப் போடோணும். ரெண்டும் நம்ம ஊட்டுக்குள்ளயே முடிஞ்சிரும்."

அவர் மனைவி பெரியாத்தாள் ரசம் ஊற்றினாள். கும்பிட்டுக்கொண்டு நிற்பதுதான் தன் வேலை என்று நினைத்துத்தான் ஓட்டுக் கேட்கக் கிளம்பினாள். போன இடத்திலெல்லாம் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். தண்ணீர் வராததை, தெருவிளக்கு எரியாததை, பஸ் நிற்காமல் போவதைச் சொன்னார்கள். கேட்கக் கேட்க அவளுக்கு உற்சாகம் ஏறியது. காலையில் லிங்கசாமி எழுந்திருக்கும் முன்பே சேலை மாற்றித் தயாராகிவிடுவாள்.

ஒரே ஒரு கேள்விதான் அவளை உறுத்தியது. "வைஸுக்கு யாருங்க?"

"எங்க ஊட்டுக்காரருங்க."

அவ்வளவுதான், கேட்டவர்களின் முகம் மாறிவிடும். எதிர்த்து நின்ற செல்லாத்தாளின் பக்கமும் இதே ஏற்பாடு. அவள் புருஷன் கந்தவேல் சாயப்பட்டறை முதலாளி. வைஸ் அவருக்குத்தான் என்று ஊருக்கே தெரியும். மருதம்மாள் என்ற கிழவி பளிச்சென்று சொல்லிவிட்டாள்: "அப்ப ரெண்டு பக்கமும் ஒண்ணுதானுங்க ஆத்தா. யாருக்குப் போட்டா என்ன?"

அந்தப் பேச்சைக் கேட்டதும் பெரியாத்தாளுக்கு மாரக்காளின் நினைப்பு வந்தது.

மாரக்காள் ஊருக்கு வெளியே இருந்த காலனிக்காரி. நல்லூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. போன கோடையில் ஊர்ப் போர்வெல் தண்ணீரை ஏற்றிக்கொண்டு போக லாரி வந்தபோது, காலனிப் பெண்களைக் குடத்தோடு கூட்டிவந்து பாதையில் உட்கார வைத்தவள். லாரி காலியாகத் திரும்பிப் போனது. தன் வீட்டு கேட்டுக்குள் நின்று அதைப் பார்த்த பெரியாத்தாளுக்கு, ஓடிப்போய்த் தானும் ஒரு குடத்தோடு உட்கார்ந்துவிட வேண்டும் போல இருந்தது. போகவில்லை.

வேட்புமனுவுக்குக் கடைசி நாளைக்கு முந்தின சாயங்காலம், கந்தவேலின் ஜீப் காலனிக்குள் போவதாக யாரோ சொன்னார்கள். பெரியாத்தாள் டிவிஎஸ்-50ஐ எடுத்தாள். குண்டும் குழியுமான பாதையில் அது துள்ளிக்கொண்டு போனது. அவளுடைய நெஞ்சு அதைவிட அதிகமாகத் துள்ளியது.

கந்தவேல் ஜீப்பில் சாய்ந்தபடி தெருவிலேயே நின்று மாரக்காளோடு பேசிக்கொண்டிருந்தார். பெரியாத்தாள் வண்டியை நிறுத்திவிட்டு அவரைத் தாண்டி நேராக மாரக்காளின் வீட்டுக்குள் போய்ப் பாயில் உட்கார்ந்தாள். மாரக்காள் ஜீப்பையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்தாள்.

"அவரு என்னைய மெம்பருக்கு நிக்கச் சொல்றாருங்கக்கா. வைஸ் அவருக்காமா."

காலனியில் மற்றவர்கள் எல்லோரும் ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா என்று சொன்னவள் இவள் ஒருத்திதான்.

"நான் வைஸுக்கே கேக்க வந்திருக்கறேன் அம்மிணி."

மாரக்காள் சிரித்துவிட்டாள். "லிங்கசாமியண்ணனுக்குத் தெரியுமுங்களா?"

"இனிமேத்தான் சொல்லோணும்."

"படிச்சுப் பாக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டனுங்க."

"நானும் போட மாட்டேன்."

"ஆபீசுல எனக்கும் நாற்காலி வேணுமுங்க."

"உனக்கு இல்லீன்னா எனக்கும் வேண்டாம். நின்னுக்கிட்டே பேசலாம்."

மாரக்காள் முந்தானையை இடுப்பில் செருகினாள். பிறகு வாசலுக்குப் போய், "நான் இந்த அக்கா பக்கமுங்க" என்றாள். ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது லிங்கசாமி கத்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. "ஊரு சிரிக்கும்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் தன் வார்டுக்கு மனுப் போட்டுவிட்டு வந்தார். பெரியாத்தாளோடு இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள் ஷிப்ட் விடும் நேரத்தில் பெரியாத்தாளும் மாரக்காளும் கம்பெனி கேட்டில் நின்றார்கள். மாரக்காள் பேசப் பேசப் பெண்கள் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று கேட்டார்கள். பின்னால் எம்.எய்ட்டி வண்டியில் சாய்ந்து நின்றபடி லிங்கசாமியும் அதைப் பார்த்தார். அன்று சாயங்காலமே மைக் செட்டுக்குச் சொல்லிவிட்டார். அவருக்கு நாற்காலி மேல் ஆசைதான். ஆனால் ஜெயிப்பதன் மேல் அதைவிடப் பெரிய ஆசை. கடைசி வாரத்தில் மூன்று பேரும் சேர்ந்தே போனார்கள். மாரக்காளுக்குத் தொண்டை கட்டியபோது சுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

பெரியாத்தாள் ஜெயித்தாள். வைஸுக்கு ஓட்டுப் போட, தலைவரும் மெம்பர்களுமாக ஒன்பது பேர்; அவளையும், மெம்பராக ஜெயித்த லிங்கசாமியையும் மாரக்காளையும் சேர்த்து ஐந்து பேர் இந்தப் பக்கம். கந்தவேலோடு சேர்த்து நான்கு பேர் அந்தப் பக்கம். வைஸைத் தேர்ந்தெடுக்கும் நாளன்று பஞ்சாயத்து ஆபீசுக்கு வெளியே நிற்க இடமில்லை. கம்பெனிப் பெண்கள் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

மாரக்காளின் பெயரை முன்மொழிந்ததும் கந்தவேல் நிதானமாக எழுந்தார்.

"நாங்க லிங்கசாமி மாப்பிள்ளையைச் சொல்றமுங்க. எங்க நாலு ஓட்டும் அவருக்குத்தான்."

பெரியாத்தாள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். அந்த நாலோடு லிங்கசாமியின் ஓட்டும் சேர்ந்தால் ஐந்து. அவர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாலே போதும், இத்தனை வருட ஆசை மடியில் வந்து விழுந்துவிடும். அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் காதுமடல் சிவந்திருந்தது. மாரக்காள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லிங்கசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். எழுந்தார். மறுபடி துடைத்தார்.

"எனக்குச் சம்மதமில்லீங்க மச்சான்" என்றார். "தெருத்தெருவா மைக்குல மாரக்காதான் வைஸுன்னு நானே சொல்லீட்டு வந்திருக்கறேன். இப்ப மாத்திச் சொன்னா எந்த மூஞ்சிய வெச்சுட்டு வெளிய போறது?"

தேர்தல் அதிகாரி வேறு பெயர் உண்டா என்று கேட்டார். கந்தவேல் தன் பெயரையே கொடுத்தார். சீட்டுப் போட்டார்கள். எண்ணி முடித்ததும் அதிகாரி ஒருமுறை நிறுத்தி, மறுபடி எண்ணினார்.

மாரக்காளுக்கு ஆறு.

அந்த ஆறாவது ஓட்டு யாருடையது என்று கந்தவேல் தன் ஆட்களை ஒவ்வொருவராக முறைத்துப் பார்த்தார். அவர் பக்கத்து மெம்பர்களில் இரண்டு பேர் பெண்கள். இருவரும் ஒரே நேரத்தில் சேலை முந்தானையைச் சரி செய்துகொண்டார்கள்.

வெளியே ஜன்னலில் தொற்றிக்கொண்டிருந்த யாரோ கத்திச் சொல்ல, கூட்டம் முழுக்க ஆரவாரம். மாரக்காள் எழுந்து நின்றாள். ஜன்னலுக்கு வெளியே நின்ற பெண்களைப் பார்த்துக் கும்பிட்டாள். பெரியாத்தாள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு அம்மிணி" என்றாள். சொன்னவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.