முள் காட்டிய திருட்டு

பட்டறையின் ஆக்ஸிஜன் சிலிண்டருக்குச் சாவி வைத்திருந்தவள் வெல்டர் அக்கா. அதன் அழுத்தத்தைக் காட்டும் முள்ளுக்குக் காவல் இருந்தவர் கண்காணிப்பாளர். முள்ளுசார் என்று பட்டறையே கூப்பிட்டது. முள்ளை அவர் பார்த்த பாசத்தில் கால்வாசி தன் பக்கம் திரும்பியிருந்தால் போதும் என்று அவர் வீட்டுக்காரம்மா சொல்லியதாகக் கேள்வி.

நாளெல்லாம் வெயிலில் நின்ற சிலிண்டர் சாயங்காலம் நூற்றைம்பது காட்டியது. மறுநாள் காலைக் குளிரில் நூற்று முப்பத்தெட்டு. பன்னிரண்டைக் காணோம். சாவி அக்காவிடம். திருடி கிடைத்துவிட்டாள்.

வாயுவைச் சாப்பாட்டு டப்பாவில் கொண்டுபோயிருப்பாள் என்று முள்ளுசார் மெய்யாகவே நம்பினார். டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். வெங்காய வாசனைதான் வந்தது. அதுவும் அவருக்குச் சந்தேகமாகவே பட்டது.

திருடியதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் வேலை நிலைக்கும், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு தாளை நீட்டினார். அக்கா தாளை வாங்கினாள், பேனாவை வாங்கவில்லை. இருபது வருஷம் இரும்பை ஒட்டியவள். தன் பேரில் ஓட்டை விழ விடுவாளா?

"மத்தியானம் வரைக்கும் சிலிண்டருக்கு நீங்களே காவல் இருங்க சார். சாவியும் உங்க கிட்டயே இருக்கட்டும். நான் கிட்டயே வரமாட்டேன்."

முள்ளுசார் வால்வைச் சுற்றி நாடா ஒட்டி, அதன் மேல் தன் கையெழுத்தையும் போட்டார். முற்றத்து வெயிலில் குடை பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒன்றுக்குப் போகக்கூட எழுந்திருக்கவில்லை. அவர் கண் கொட்டவில்லை என்றும், அதில் ஓர் ஈ உட்கார்ந்து இளைப்பாறியது என்றும் சொல்வார்கள். ஈயை நான் பார்க்கவில்லை.

இரண்டு மணிக்குப் பட்டறை முழுக்கக் கூடி நின்றது. நாடா பிரியவில்லை. முள் நூற்று ஐம்பத்தொன்றில் நின்றது.

முள்ளுசார் கொஞ்சம் யோசித்துவிட்டு, திருடியதைத் திருப்பி வைத்துவிட்டதால் மன்னித்ததாக அறிவித்தார்.

"மன்னிப்பெல்லாம் வேணாம் சார்," என்றாள் அக்கா. "காவல் இருந்தது நீங்க. பதிமூணு கூடியிருக்கு. வாயால ஊதுனீங்களா?"

யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து விக்கினார்கள்.

"உள்ள இருக்கிறது அதே வாயுதான். சூடானா வேகமா ஓடிச் சுவத்துல முட்டும், குளிர்ந்தா மெதுவா முட்டும். உங்க முள்ளு முட்டுறதைத்தான் காட்டுது சார், எவ்வளவு இருக்குன்னு இல்ல. அது பொய் சொல்லலை. நீங்கதான் அதை வேற கேள்வி கேட்டீங்க."

அவர் தாளைக் கிழிக்கப் போனார். அக்கா விடவில்லை. கிழித்தால் போதாது, பின்பக்கத்தில் எழுத வேண்டும் என்றாள். தான் நிரபராதி என்று அல்ல. இன்று அந்த முற்றத்தில் எவ்வளவு வெயில், முள் எங்கே நின்றது, காவல் இருந்தது யார் என்று. அவர் மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போடும்வரை முற்றத்தை விட்டு ஒருவரும் நகரவில்லை.

தாள் இன்னும் அறிவிப்புப் பலகையில் தொங்குகிறது. முள்ளுசார் அதற்குப் பிறகு தன் உடல் எடையைக்கூட நிழலில் நின்றுதான் பார்க்கிறாராம்.