டிரெஸ்ஸர் வீட்டின் பின்பக்கம்

1

இந்தக் கதை ஒரு தூசித் துணியிலிருந்து வந்தது. ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில், பொம்மைக் கட்டிகளால் செய்த பழைய கட்டடங்களைக் கண்காட்சிக்கு வைத்திருந்தார்கள். குழந்தைகள் அடுக்கி விளையாடும் அதே பிளாஸ்டிக் கட்டிகள்தான். அடுக்கியவர்கள் மட்டும் மீசை நரைத்தவர்கள். காரை எந்தத் தளத்தில் நிறுத்தினேன் என்பது மறந்துபோய் அலைந்துகொண்டிருந்தவன், அங்கே போய்ச் சேர்ந்தேன்.

ஒரு மேசையில், முழங்கை உயரத்தில், இரண்டு மாடி வீடு. சிம்பாங் ரெங்கத்தில் ஒரு காலத்தில் இருந்து, பிறகு இடிக்கப்பட்ட வீடு என்று அட்டையில் எழுதியிருந்தது. செய்தவர் பக்கத்திலேயே நின்று, யாரும் கேட்காத கேள்விகளுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஜன்னல் சட்டங்கள் எத்தனை, கூரைக்கு அந்தச் சிவப்பு கிடைக்க எத்தனை மாதம் பிடித்தது, எல்லாம். "பின்பக்கப் படிக்கட்டு அழகா இருக்குங்க" என்றேன். அவர் வாயை மூடிக்கொண்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கூரையைத் துணியால் துடைக்கத் தொடங்கினார்.

நான் கண்டது அவ்வளவுதான். மீதியை நானே கட்டியிருக்கிறேன்.

2

தொடக்கம் எளிதில் அமையவில்லை.

தொழிற்சாலைப் புகையினூடே மாசாயின் அந்திவானம் மெல்லச் சிவந்து—

(விட்டுவிட்டேன். மாசாய் ஊரில் அந்த நேரத்தில் மோட்டார் சைக்கிளை எங்கே நிறுத்துவது என்றுதான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.)

கட்டடக் கலைஞனாகும் கனவு கருகிப்போன வசந்தன்—

(இதுவும் வேண்டாம். வசந்தன் அப்படி ஒரு கனவு கண்டதே இல்லை. வேலையில் அவருக்கு ஒரு குறையும் கிடையாது.)

சரி. வசந்தனுக்கு வயது நாற்பத்து மூன்று. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வால்வுகளைச் சோதிக்கும் டெக்னீஷியன். மாசாயில் வரிசை வீடு. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் முக்கால் பங்கு பிரிக் என்று அவர் சொல்லும் அந்தக் கட்டிகளுக்கு, கால் பங்கு சாப்பாட்டுக்கு. பழைய கட்டடத்தின் படம் ஒன்று கிடைத்தால் முதலில் கதவைத் தேடுவார். கதவு ஏழடி என்று வைத்துக்கொண்டு, ஜன்னல், தூண், கூரை என்று மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து அளந்துவிடுவார். கணினியில் வரைந்து, கையால் கட்டிப் பார்த்து, எந்த பிரிக்கின் மேல் எந்த பிரிக் என்று பக்கம் பக்கமாகப் படம் போட்ட ஃபைலை ஒரு முகநூல் குழுவில் இலவசமாகப் பகிர்வார். ஒவ்வொரு ஃபைலின் முதல் பக்கத்திலும் ஒரே வரி: "படத்தில் இல்லாதது இந்த மாடலில் இல்லை."

அந்த வரியை அவர் ஊருக்கே சட்டமாக்கி வைத்திருந்தார். மூவாரில் ஒருவர் கட்டிய பழைய சினிமாக் கொட்டகையில் ஒரு தூண் கூடுதலாக இருப்பதைக் கண்டுபிடித்து, சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினார். அந்த மனிதர் அதற்குப் பிறகு மீன் தொட்டி வைக்கப் போய்விட்டார். குழுவில் வசந்தனை 'இன்ஸ்பெக்டர்' என்று அழைத்தார்கள்.*

* அதை அவர் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

3

தவறு எப்படி நடந்தது என்பதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

அந்த வீடு சோமசேகரம் என்பவருடையது. ரப்பர் தோட்டத்து மருத்துவ உதவியாளரை அந்நாளில் டிரெஸ்ஸர் என்றுதான் அழைத்தார்கள்; சோமசேகரம் அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்று, டவுனில் வீடு கட்டி, கீழே மருந்துக் கடை வைத்து, மேலே குடும்பத்தோடு இருந்தார். வீட்டின் படங்கள் ஏழு வசந்தனுக்குக் கிடைத்தன. ஒன்று கல்யாணம், ஒன்று கார் வாங்கிய நாள், ஒன்று யாரோ லண்டனுக்குப் படிக்கப் போனது. ஏழும் முன்பக்கம். நம் ஆட்கள் வீட்டுக்கு முன்னால் நின்றுதான் படம் எடுப்பார்கள். பின்னால் துணி காயும்.

முன்பக்கத்தை வசந்தன் மூன்று வாரத்தில் முடித்துவிட்டார். மேல்மாடியைத் தூக்கினால் கீழே மருந்துக் கடை தெரிய வேண்டும் என்பது அவர் திட்டம். தூக்கும்போதெல்லாம் பின்சுவர் சரிந்தது. தடித்த சுவராகக் கட்டினார், சரிந்தது. நடுவில் ஒரு தடுப்பு வைத்தார், மருந்துக் கடை மறைந்தது. நான்கு ஞாயிற்றுக்கிழமை இப்படியே போனது. ஐந்தாவது ஞாயிறன்று, சும்மா பார்ப்போமே என்று பின்சுவரில் ஒரு படிக்கட்டைச் சாய்த்தார்.

சுவர் நின்றது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, பார்க்க அழகாகவும் இருந்தது.

ஃபைல் நாற்பத்தாறு பக்கம். படிக்கட்டுக்கு நான்கு பக்கம். முதல் பக்கத்து வரியை அழிக்க மறந்துவிட்டார் என்று எழுத ஆசைதான். அவர் மறக்கவில்லை. அதைப் பார்த்தபடியேதான் பகிர்வுப் பொத்தானை அழுத்தினார்.

4

இந்த இடத்தில் என் கதையின் பின்சுவரும் சரிகிறது. வசந்தன் இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். மனத்துக்குள்ளேயே புழுங்கும் ஆணைப் பற்றி இரண்டு பக்கம் எழுத எனக்குப் பொறுமை இல்லை. கண்காட்சியில் அவர் தனியாகத்தான் நின்றிருந்தார். இருந்தாலும் அவருக்கு ஒரு மனைவியைத் தருகிறேன். பெயர் சந்திரமதி. பள்ளிக் கேண்டீன் நடத்துகிறார். இனி சுவர் நிற்கும்.

ஒரு வியாழக்கிழமை மாலை, கால் பங்கு மேசையில் இருவரும் மீகூன் சேமியா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வசந்தனின் கைப்பேசிக்குக் குரல் செய்தி ஒன்று வந்தது. அவர் அதைச் சத்தமாக வைத்தார்.

"தம்பி, நான் சத்தியபாமா. சோமசேகரம் டிரெஸ்ஸர் மவ. உங்க வீட்ட, அதாவது எங்க வீட்ட, குரூப்ல பார்த்தேன். அந்தப் பின்பக்கப் படிக்கட்டு இருந்துச்சுன்னு இத்தனை வருஷமா நான் ஒருத்திதான் சொல்லிட்டிருந்தேன். என் தம்பி சிவகணேசன் இல்லவே இல்லங்கறான். எனக்கு ஞாபகம் தடுமாறுதாம். 'இல்லாத படிக்கட்டுல ஏறினவங்க, நாளைக்கு இல்லாத லேன்ல கார் ஓட்டுவாங்க'ன்னு என் மவகிட்ட சொல்லி, என் கார் சாவிய வாங்கி வெச்சிட்டாங்க. இப்ப பாருங்க, நீங்களே எழுதிருக்கீங்க, படத்துல இல்லாதது மாடல்ல இல்லன்னு. ஞாயித்துக்கிழமை கண்காட்சிக்கு அவன இழுத்துட்டு வரேன். அந்தப் பின்பக்கத்த நல்லா அவன் பக்கமா திருப்பி வைங்க."

மீகூன் ஆறியது.

"அலமாக், போச்சு" என்றார் வசந்தன், மெதுவாக.

"சொல்லிருங்க" என்றார் சந்திரமதி.

"சொன்னா அவங்களுக்குச் சாவி திரும்பக் கெடைக்காது."

"சொல்லலன்னா?"

"பொய் சொல்லி சாவி வாங்கிக் குடுத்த மாதிரி ஆயிரும். வெளிய தெரிஞ்சா என் பேரு என்னாவுறது? குரூப்ல இன்ஸ்பெக்டர்னு கூப்பிடறாங்க லா."

"கிண்டலுக்குக் கூப்பிடறாங்க."

வசந்தன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். இன்ஸ்பெக்டராக இருந்த மூன்று வருடத்தில் இந்தக் கோணம் அவருக்குத் தோன்றியதே இல்லை.

"ஒருவேளை" என்றார் சந்திரமதி, "நெசமாவே அங்க படிக்கட்டு இருந்திருந்தா? அந்தம்மா நீங்க கட்டறதுக்கு முன்னயிருந்து சொல்லிட்டிருக்காங்களே."

அதுதான் வசந்தனை அதிகம் தொந்தரவு செய்தது. தான் சொன்னது பொய்தானா என்பதுகூட அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

5

சத்தியபாமாவை முதல் எழுத்துப்படியில் தப்பாக எழுதியிருந்தேன். நடுங்கும் விரல்களால் அவர் மாடலின் ஜன்னலைத் தொட்டு—

(அடித்துவிட்டேன். அவருக்கு விரல் நடுங்காது.)

எழுபத்தொரு வயது. நில அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர். எவருடைய மனுவில் எந்த இணைப்பு இல்லை என்று இன்றும் சொல்லக்கூடியவர். வெள்ளிக்கிழமைதோறும் தன் சின்னக் காரில் மூன்று தோழிகளை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போவார். நால்வரில் கார் ஓட்டுவது அவர் ஒருவர்தான். சாவி போனதிலிருந்து நான்கு பேருக்கும் கோயில் இல்லை. மகள் சுபத்திரா வாடகைக் கார் பிடித்துத் தருவதாகச் சொன்னாள். "யாரோ ஓட்ட நான் பின்னால உக்காந்து போறதுக்கு, வீட்லயே சாமி கும்பிட்டுக்கறேன்" என்றார் சத்தியபாமா. கும்பிடவும் இல்லை.

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும்: கார் ஒரு முறை வீட்டு கேட்டில் உரசியிருக்கிறது.*

* கேட் குறுகல்.

6

ஞாயிறு காலை பதினொரு மணி. கண்காட்சி மேசையருகே வசந்தன் ஒரு முடிவோடு நின்றிருந்தார்: சத்தியபாமாவைத் தனியாக அழைத்து, உண்மையைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டுவிடுவது. பேச வேண்டியதைச் சந்திரமதியிடம் இரண்டு முறை ஒப்பித்தும் பார்த்தார்.

தனியாக அழைக்க இடமே கிடைக்கவில்லை. சத்தியபாமா முன்னால் வந்தார். பின்னால் கைப்பையை மார்போடு அணைத்தபடி சுபத்திரா. மருந்தாளர், தாத்தாவின் தொழில். அவளுக்குப் பின்னால், சிரம்பானிலிருந்து காலையில் கார் ஓட்டிக்கொண்டு வந்த களைப்பில் சிவகணேசன். வயது அறுபத்தெட்டு. ஓய்வு பெற்ற நில அளவையாளர். உலகத்தில் எது எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி யாரும் தனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற நடை.

"பார்" என்றார் சத்தியபாமா. வசந்தனுக்கு வணக்கம் சொல்லக்கூட அவர் நிற்கவில்லை. மாடலைத் தானே அரை வட்டம் திருப்பினார்.

சிவகணேசன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். குனிந்தார். நெடுநேரம் எழவில்லை. வசந்தனுக்குத் தொழிற்சாலையில் அழுத்தமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்பது போலிருந்தது.

"தப்பு" என்றார் சிவகணேசன்.

வசந்தன் வாயைத் திறந்தார்.

"படிக்கட்டு இந்தப் பக்கம் ஏறாது. வலப்பக்கம் ஏறும். கீழ் படி கிணத்தப் பார்த்த மாதிரி இருக்கும். நான் அங்க உக்காந்துதான் மைலோ குடிப்பேன்."

பக்கத்து மேசையில் யாரோ கட்டிய ரயில் நிலையத்தில் குட்டி ரயில் ஒன்று சுற்றி வந்தது.

"மாமா" என்றாள் சுபத்திரா. "படிக்கட்டே இல்லன்னு சொன்னீங்க."

"இந்தப் பக்கம் இல்லன்னு சொன்னேன்."

"நீ அப்படிச் சொல்லல" என்றார் சத்தியபாமா. "இடப்பக்கம்தான். வலப்பக்கம் கோழிக்கூடு."

"கோழிக்கூடு கிணத்துக்கு அந்தாண்ட, அக்கா. நான் சர்வேயர்."

"அப்ப உனக்கு ஆறு வயசு. சட்டை பட்டன் போடத் தெரியாது, சர்வேயராம்."

வசந்தனுக்கு ஒப்பித்து வைத்திருந்த பேச்சில் ஒரு சொல்லும் நினைவுக்கு வரவில்லை. "ஆண்ட்டி, அங்கிள்" என்றார். "அந்தப் படிக்கட்டு நான் வெச்சது. பின்பக்கத்துக்குப் படமே கிடைக்கல. சுவர் நிக்கல, அதனால வெச்சேன். இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது. மன்னிச்சிருங்க."

இருவரும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பினார்கள். பல வருடமாக எதிலும் ஒத்துப்போகாத இருவர்.

"தம்பி, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் சத்தியபாமா. "நீங்க அந்த வீட்ல இருந்தீங்களா?"

"படத்துல இல்லாதத போட மாட்டேன்னு நீங்கதானே எழுதி வெச்சிருக்கீங்க" என்றார் சிவகணேசன். "இப்ப வந்து மாத்திப் பேசறீங்க."

திரும்பவும் கோழிக்கூட்டுக்குப் போய்விட்டார்கள். வாழ்நாளில் முதல் முறையாக வசந்தன் தன் மாடலில் ஒரு பிழை இருப்பதாக ஒப்புக்கொண்டார். அதை நம்ப ஆளில்லை.

ஒருத்தி நம்பினாள். சுபத்திரா அவர் பக்கம் சாய்ந்து, "நெசமாவே நீங்க வெச்சதா?" என்றாள்.

"நெசமா."

அவள் கைப்பையைத் திறந்து அம்மாவின் கார் சாவியை வெளியே எடுத்தாள். அதை இடக்கையில் வைத்துக்கொண்டு, வலக்கையை மாமாவின் முன்னால் நீட்டினாள்.

"மாமா, உங்க கார் சாவி குடுங்க."

"எதுக்கு?"

"படிக்கட்டு இருந்துச்சுன்னா அம்மாவுக்கு ஞாபகம் நல்லா இருக்கு, இந்தச் சாவிய அவங்ககிட்ட குடுத்தர்றேன். இல்லன்னா, இல்லாத படியில உக்காந்து மைலோ குடிச்ச நீங்களும் அம்மா மாதிரிதான். அப்ப ரெண்டு சாவியும் என்கிட்ட இருக்கட்டும். இருந்துச்சா, இல்லையா? யோசிச்சு சொல்லுங்க மாமா."

7

இங்கிருந்து மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

சிவகணேசன் "இருந்துச்சு" என்கிறார். அக்காவுக்குச் சாவி கிடைக்கிறது. ஆனால் அவர் தோற்று நிற்பதை என்னால் நம்பும்படி எழுத முடியவில்லை. நான்கு வரிக்குள் அவர் மறுபடியும் கிணற்றை அளக்கத் தொடங்கிவிடுகிறார்.

அவர் "இல்லை" என்கிறார். மைலோவையும் வாபஸ் வாங்குகிறார். அக்காவுக்குச் சாவி கிடைக்கவில்லை, அவருடையதும் போகிறது. சிரம்பானுக்கு அவரை யார் கொண்டுபோய் விடுவது என்ற கேள்வி எழுகிறது. சுபத்திரா மாலையில் மருந்துக் கடை திறக்க வேண்டும். வசந்தனிடம் இருப்பது மோட்டார் சைக்கிள்.

மூன்றாவதில் ஒரு பழைய ஆல்பத்திலிருந்து பின்பக்கப் படம்—

(இல்லை. அப்படி ஒரு படம் இருந்தால் யாரும் யாரையும் நம்ப வேண்டிய அவசியமே இருந்திருக்காது.)

ஆகவே அவர்களை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறேன். சிவகணேசன் மாடலைப் பார்க்கிறார். சுபத்திரா சிவகணேசனின் வாயைப் பார்க்கிறாள். வசந்தனும் அதையே பார்க்கிறார். அவருக்கு இப்போது தன் பெயரைப் பற்றிய கவலை போய்விட்டது, அந்தப் படிக்கட்டு இருந்திருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டிருக்கிறார்.

சத்தியபாமா யாருடைய வாயையும் பார்க்கவில்லை. மகளின் இடக்கை மேசை விளிம்பில் தளர்ந்து கிடக்கிறது. திறந்த உள்ளங்கையில் சாவி இருக்கிறது. அவருக்கும் அதற்கும் இடையில் ஒன்றரை அடி. அந்த ஒன்றரை அடியில், நெடுநேரமாகக் கழுத்தை நீட்டி வேடிக்கை பார்த்தபடி, நீங்கள் நிற்கிறீர்கள்.

அவர் உங்களை நிமிர்ந்து பார்க்கிறார். "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்கிறார்.