ஒரு கலனுக்கு இருபத்துமூன்று மைல்

1

இந்தக் கதையை நானாக எழுதத் தொடங்கவில்லை. நகுலேஸ்வரி அக்கா கேட்டு எழுதுகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு கதை சரிவராவிட்டால் பழியை இரண்டு பேரும் பங்கிட்டுக்கொள்ளலாம்.

போன செவ்வாய்க்கிழமை அவர் கிழக்கு லண்டன் செவன் கிங்ஸிலிருந்து தொலைபேசி எடுத்தார். நான் கோலியர்ஸ் வுட்டில் பஸ்ஸுக்கு நின்றேன்.

"தம்பி, நீர் கதை எழுதுறனீர் எல்லோ? இவரின்ரை பிக்கப்பைப் பற்றி ஒண்டு எழுதும். வாயாலை சொல்ல ஏலாத விஷயம் ஒண்டு கிடக்கு. கதையிலை எண்டால் சொல்லலாம்தானே?"

சொல்லலாமா கூடாதா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரியாமலேதான் இரண்டாம் பக்கத்துக்குப் போகிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"சவுத்ஹாம்ப்டன் துறைமுகத்தில் மூடுபனி மெல்ல விலகியபோது, கனடாவிலிருந்து வந்த கப்பலின் வயிற்றிலிருந்து அந்த இராட்சத—"

வேண்டாம். அன்றைக்கு மூடுபனி இருந்ததா என்று அக்காவிடம் கேட்டேன். மூடுபனியுமில்லை, ஒரு கோதாரியுமில்லை, அவருடைய கணவர் ஞானேஸ்வரன் அண்ணை ஜாக்கெட்டை மறந்துபோய் நடுங்கிக்கொண்டு நின்றார் என்றார்.

அடுத்தது:

"முழு அளவுப் பிக்கப் வண்டிகள் நடைமுறையில் எவ்வளவு எரிபொருள் குடிக்கின்றன என்பது பற்றித் தயாரிப்பாளர்கள் சொல்வதும் ஓட்டுபவர்கள் சொல்வதும்—"

இதற்குள் நீங்கள் எழுந்து தேத்தண்ணி போடப் போயிருப்பீர்கள். ஆனால் விஷயம் என்னவோ அதுதான். இந்தக் கதையில் காதல் இல்லை, கொலை இல்லை. ஒரு கலன் பெற்றோலுக்கு எத்தனை மைல் என்ற ஒரேயொரு கேள்விதான் இருக்கிறது. அந்தக் கேள்வியால் ஒரு மனிதர் பத்து நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

மூன்றாவது: "ஞானேஸ்வரன் அண்ணை பத்தொன்பது வருடம் பெற்றோல் செட்டில் நின்றவர்." இது இருக்கட்டும்.

3

ஞானேஸ்வரன் அண்ணை பத்தொன்பது வருடம் பெற்றோல் செட்டில் நின்றவர். பார்க்கிங் என்ற ஊர்ப் பக்கத்தில், காசு வாங்கும் கண்ணாடிக்குப் பின்னால். மற்றவர்களின் வண்டிகள் குடிக்கும் பெற்றோலை இலக்கங்களாகப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவருடைய வேலை. ஒருநாள் ஓர் அமெரிக்கப் பிக்கப் வந்து நாலாம் பம்பில் நின்றது. இலக்கம் ஓடியது, ஓடியது, நிற்கவேயில்லை. பின்னால் நின்ற இரண்டு கார்க்காரர்கள் ஹோர்ன் அடித்து அலுத்து வேறு பம்புக்குப் போனார்கள். அண்ணைக்கு மட்டும் அது கோயிலில் அபிஷேகம் பார்ப்பதுபோல இருந்தது. அன்றைக்கே மனதைக் கொடுத்துவிட்டார்.

பிறகு அந்த வேலையை விட்டு, தரைக்கு ஓடு பதிக்கும் வேலை பழகி, சொந்தமாகத் தொழில் தொடங்கி, ஐம்பத்தெட்டாவது வயதில் அதை வாங்கினார். (கம்பனியின் பெயரை எழுதமாட்டேன். அவரவர் விருப்பப்படி நினைத்துக்கொள்ளலாம்.)

லண்டனின் ஒடுங்கிய தெரு ஒழுங்கை ஒவ்வொன்றும் அந்த வண்டியைக் கண்டு முகம் சுளித்தது. சூப்பர் மார்க்கெட்டில் நிறுத்தினால் மூக்கு ஒரு கட்டத்திலும் வால் இன்னொருவரின் வழியிலும் கிடக்கும். ஸ்ரியரிங் இடப்பக்கம் என்பதால் கார் பார்க் வாசலில் டிக்கெட் எடுக்கிற பொறுப்பு நகுலேஸ்வரி அக்காவுடையது. பெட்டி அக்காவின் முழங்கால் மட்டத்தில் இருக்கும். அரைவாசி உடம்பை யன்னலுக்கு வெளியே விட்டு எட்டி எடுப்பார். எங்கள் சனத்தின் தீர்ப்பு ஒரே வரியில் வந்தது: யானையைக் கட்டித் தீனி போடுற வேலை.

அண்ணைக்கு அதுதான் சுட்டது. யானை அவ்வளவு தின்னவில்லை என்று காட்டப் புறப்பட்டார். மாதத்துக்கு ஒருமுறை அதே நாலாம் பம்ப். வண்டி அதே திசையைப் பார்த்து நிற்கவேண்டும். பம்ப் தானாக மூன்று தரம் 'டக்' என்று நிற்கும்வரை அடிப்பார். பிறகு மைல்மானிக்கு ஒரு படம், பம்புக்கு ஒரு படம். ஓடிய மைலை ஊற்றிய கலனால் பிரித்தால் வந்தது இருபத்துமூன்று.*

* அமெரிக்கக் கலன். அது மூன்றே முக்கால் லீற்றர் சொச்சம். இங்கிலாந்துக் கலன் நாலரை லீற்றர். அமெரிக்காக்காரன் கலனைக்கூடச் சிறிதாக வைத்துக்கொண்டு வண்டியைப் பெரிதாகச் செய்கிறான் என்பது அண்ணையின் கருத்து.

4

அந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கென்று இணையத்தில் ஒரு சங்கம் உண்டு. பெரும்பாலும் அமெரிக்கர்கள், கொஞ்சம் கனடாக்காரர், இங்கிலாந்தில் பதினொரு பேர். அங்கே அவரவர் நிஜ மைலேஜை ஒரு பட்டியலில் போடுவார்கள். நகர ஓட்டத்துக்குப் பதின்மூன்று, பதினைந்து, மிஞ்சினால் பதினாறு. அண்ணை தன் இருபத்துமூன்றைப் போட்டார்.

உங்கள் ஊர்க் கலன் பெரிது, அதால் கணக்குப் பிழைத்திருக்கும் என்று முதலில் அன்பாகச் சொன்னார்கள். அண்ணை லீற்றரை இரண்டு விதமாகவும் பிரித்துக் காட்டினார். மலைச் சரிவில் மட்டும் ஓடுகிறீர்களா என்று ஒருவர் கேட்டார். செவன் கிங்ஸில் ஏது மலை. எட்டாவது மாதம், பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சொல் ஏறியது: 'உறுதிப்படுத்தப்படாதது'.

இங்கே நான் நையாண்டியைக் கொஞ்சம் நிறுத்தவேண்டியிருக்கிறது. அண்ணை இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதி விண்ணப்பத்துக்காக ஓர் அதிகாரிக்கு முன்னால் ஆறு மணித்தியாலம் இருந்தார். நடந்ததை நடந்தபடியே சொன்னார். நாலு மாதம் கழித்து வந்த கடிதத்தில், அவருடைய கூற்று நம்பத்தக்கதாக இல்லை என்று இருந்தது. பிறகு மேன்முறையீடு, வழக்கறிஞர் என்று எல்லாம் சரிவந்தது. ஆனால் உண்மையைச் சொல்லிப் பொய்யனானது அவருடைய நெஞ்சில் அப்படியே கிடந்தது. கைத்தொலைபேசியில் அந்தச் சொல்லைப் பார்த்தபோது அவருக்கு வயது திரும்பவும் இருபத்தேழு.

"வந்து பாருங்கோ. நான் சொன்னது பொய்யெண்டால் வண்டியை வித்துப்போட்டுப் பேசாமல் இருக்கிறன்," என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார். சங்கத்தின் சார்பில் கென்ற் பக்கத்திலிருந்து கொலின் என்ற வெள்ளைக்காரர் வருவதாகப் பதில் வந்தது.

5

[இந்த இடத்தில் ஒரு மர்மத்தைக் கட்டி எழுப்பி, கடைசியில் அவிழ்க்கலாம் என்று நினைத்தேன். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன்.]

அவ்வளவு பெரிய வண்டி ஒருவரிடம் இருந்தால், அது ஊருக்கே பொது. பத்மநாதன் அண்ணை கோயில் அன்னதானத்துக்குக் கிடாரம் ஏற்ற வாங்குவார். வசந்தமலர் அக்கா மகளின் கலியாணத்துக்கு மணவறை ஏற்றினார். மேரிசாந்தி ரீச்சர் திருவிழாவுக்குச் சனம் இருக்கக் கதிரை ஏற்றினார். நான் ஒரு சோபா ஏற்றினேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கறி கொண்டுவந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கமாட்டோம். ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். கொடுத்ததை வாயால் சொல்லவும் கூடாது. சொன்னால் அது சொல்லிக்காட்டுவதாகிவிடும், கொடுக்காமல் விட்டதைவிடக் கேவலம்.

பிக்கப்பும் ஒரு பாத்திரம்தானே. மணவறையை இறக்கிவிட்டு வசந்தமலர் அக்காவின் வீட்டுக்காரர் ஒரு பெற்றோல் செட்டில் நிறுத்திக் கொஞ்சம் அடித்தார். பத்மநாதன் அண்ணை ஒவ்வொரு வெள்ளியும் அடித்தார். ரீச்சர் அடித்தார். நானும் [எவ்வளவு என்று எழுதி, வெட்கப்பட்டு அழித்துவிட்டேன்] அடித்தேன். யாரும் மூச்சுக்கூட விடவில்லை. ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஓடிய மைல் முழுவதும் மைல்மானியில் ஏறியது. நாங்கள் ஊற்றியது எந்தப் படத்திலும் ஏறவில்லை. அண்ணை ஒவ்வொரு மாதமும் நாலாம் பம்பில் நின்று, ஊசி இறங்காத அந்த டாங்கைத் தட்டிக்கொடுப்பார். பிள்ளை கணிதத்தில் நூறு எடுத்ததுபோல.

6

சோதனை ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. நகுலேஸ்வரி அக்கா கொலினுக்கு இடியப்பமும் சொதியும் கொடுத்தார். அவர் மிளகாயை ஒதுக்காமல் சாப்பிட்டது அண்ணைக்குப் பிடித்திருந்தது. நாலாம் பம்ப், அதே திசை, மூன்று 'டக்'. டாங்க் மூடியில் கொலின் ஒரு ஸ்ரிக்கரை ஒட்டிக் கையெழுத்தும் போட்டார்.

பிறகு அண்ணை வழக்கமாக ஓடும் வழிகளிலெல்லாம் ஓடினார்கள். ஓட்டுக் கடை, ஈஸ்ற்ஹாம், அவர் வேலை செய்துகொண்டிருந்த மூன்று குளியலறைகளின் வாசல்கள். அகலமான வண்டி போக முடியாத ஒழுங்கைகளுக்குச் சுற்றுவழி. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அண்ணை மனதுக்குள் நல்லூர்க் கந்தனைக் கூப்பிட்டார். அறுபத்தொரு மைல். திரும்பி வந்து அடித்தால் பதினைந்து தசம் எட்டு லீற்றர் இறங்கியது.

கொலின் இரண்டு தரம் கணக்குப் பார்த்தார். கலனுக்குப் பதினாலு தசம் ஆறு. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை.

கொலின் நல்ல மனிதர். ரயரில் காற்றுக் குறைவாக இருக்கலாம் என்று தானே ஒரு காரணம் தேடிக் கொடுத்தார். அண்ணை அதை எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய கையைப் பிடித்து, "ஸொறி, நான் உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன் போல," என்று ஆங்கிலத்தில் சொன்னார். வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்து, எட்டு மாதப் படங்களையும் ஒவ்வொன்றாக அழித்தார். அடுத்த நாள் வண்டியை விற்க விளம்பரம் எழுதினார். அதில் மைலேஜ் என்ற இடத்தில் ஒன்றுமே எழுதவில்லை.

அக்கா இந்தத் துயரத்தை வசந்தமலருக்குத் தொலைபேசியில் சொல்ல, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வாக்குமூலம் வந்தது. அக்கா அடுத்தவரைக் கூப்பிட்டார், அடுத்தவரைக் கூப்பிட்டார். எல்லாரும் உண்மையைச் சொல்லிவிட்டு ஒரே சத்தியத்தைக் கேட்டார்கள்: அவரிட்டைச் சொல்லிப்போடாதையுங்கோ.

7

முடிவுகள்.

(அ) அக்கா சொல்லிவிடுகிறார். அண்ணைக்கு உண்மை விளங்குகிறது, எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுகி— நடக்காது. நான் இப்படி எழுதியதை வாசித்துக் காட்டினேன். "அவரை உமக்குத் தெரியாது தம்பி," என்றார் அக்கா. "தெரிஞ்சால் வீடு வீடாய்ப் போய் எல்லாற்றை பெற்றோலையும் திருப்பிக் குடுத்திட்டுத்தான் வந்து படுப்பார். பிறகு ஆர் எங்கடை வீட்டு வாசல்படி மிதிப்பினம்?"

(ஆ) யாரும் சொல்வதில்லை. வண்டி விற்கப்படுகிறது. அண்ணை தான் எட்டு மாதமாகப் பொய் சொன்ன மனிதன் என்றே நினைத்துக்கொண்டு வயதாகிறார். இதை எழுத எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. வாசிக்க ஏலவில்லை.

(இ) கொலின் மறுபடியும் வருகிறார், அந்த முறை நாங்கள் எல்லாரும் களவாக— வேண்டாம். நாங்கள் அடித்த பெற்றோல் இதுவரைக்கும் போதும்.

ஆகவே முடிவை வாசகரிடம் விடுகிறேன். ஆனால் எல்லா வாசகரிடமும் இல்லை, ஒருவரிடம். ஞானேஸ்வரன் அண்ணை தமிழில் அச்சான எதையும் விடமாட்டார். கோயில் நோட்டீசில் உபயகாரர் பெயர்வரைக்கும் வாசிப்பவர். இதையும் வாசிப்பார். மற்றவர்கள் குறை நினைக்காதீர்கள், மிச்சம் அவரோடு பேசவேண்டியது. பேசுகிறபடியே எழுதுகிறேன்.

அண்ணை, நீங்கள் பொய் சொல்லேல்லை. நீங்கள் எடுத்த படத்திலை மைலும் சரி, லீற்றரும் சரி. படத்திலை இல்லாததை ஊத்தினது நாங்கள். இப்பிடிச் சொல்லுறது சொல்லிக்காட்டுறதுதான், எனக்குத் தெரியும். அந்த மானக்கேடு என்னோடை போகட்டும், மற்ற ஆக்களோடை கோவிக்காதையுங்கோ. ஒருத்தருக்கும் திருப்பிக் குடுக்கவும் வெளிக்கிடாதையுங்கோ. கறிப் பாத்திரத்துக்கை கிடந்த சீனியை நீங்கள் எப்பவாவது திருப்பிக் குடுத்தனீங்களோ?

விளம்பரத்தைப் பற்றி நான் கதைக்கேல்லை, அது உங்கடை வண்டி. ஆனால் வாற சனிக்கிழமை வசந்தமலர் அக்காவின்ரை மகள் மிதுஷா வீடு மாறுறாள். ஒரு அலுமாரி கிடக்கு, கதவாலை வருகுதில்லை, யன்னலாலைதான் இறக்கவேணும். வேறை ஆரிட்டையும் அவ்வளவு பெரிய வண்டி இல்லை. தருவியளோ?

தந்தால், எப்பிடித் திருப்பித் தாறது எண்டதை நீங்கள்தான் முடிவெடுக்கவேணும். கொலினின்ரை கணக்குத்தான் வேணுமெண்டால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. ஒரு துளியும் அடிக்காமல், வெக்கம் கெட்டு, அப்பிடியே கொண்டுவந்து விடுறன். இருபத்துமூண்டு வேணுமெண்டால் ஒண்டும் சொல்லவேண்டாம். வண்டித் திறப்பை மட்டும் அக்காட்டைக் குடுத்துவிடுங்கோ.