மாலை வகுப்பில் புனலுரு

தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றவள் ஆதிலா. மூதூரிலிருந்து திருகோணமலைக்கு பஸ் ஏறிய அன்று அந்தப் பட்டத்தை வீட்டு அலுமாரியிலேயே வைத்துவிட்டு வந்தாள் என்றுதான் சொல்லவேண்டும்.

மாலை டியூஷன் நிலையமொன்றில் அவளுக்கு ஒரு வெள்ளோட்டப் பாடம். பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டால் உயிரியல் வகுப்பு அவளுக்கு. இல்லையென்றால் பழையபடி வீடு. பாடம், பூக்களின் வடிவங்கள். கரும்பலகையில் படம் கீறினால் பிள்ளைகளின் முகம் பாராமலே முடித்துவிடலாம். அந்த ஆசையை அடக்கி, நிஜப் பூக்களைக் கொண்டுபோக முடிவெடுத்தாள். கடற்கரை அடம்பன்பூ, புனல் வடிவப் புனலுரு. வீட்டு வளவுப் பூசணிப்பூ, மணி வடிவ மணியுரு. விடிந்ததும் பறித்து ஈரத்துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்தாள்.

"பின்னேரம் வரைக்கும் தாங்குமா மகள்?" என்றார் உம்மா.

"அதெல்லாம் எனக்குத் தெரியும் உம்மா."

வகுப்பில் பெட்டியைத் திறந்தாள். இரண்டுமே காலையில் விரிந்து மத்தியானத்தோடு சுருங்கும் பூக்கள். முதலாம் வருடத்திலேயே படித்தது. உள்ளே ஊதாவில் ஒரு முறுக்கும் மஞ்சளில் ஒரு முறுக்கும் கிடந்தன. கடைசி வாங்கில் நிலையத்தை நடத்தும் குணரத்தினம் கைகட்டி அமர்ந்திருந்தார்.

"இது... புனலுரு," என்றாள், பெட்டியைப் பார்த்து. "மற்றது மணியுரு."

"ரெண்டும் ஒண்டு மாதிரித்தானே மிஸ் கிடக்கு," என்றாள் முன்வாங்கு அஞ்சலினா, முகம் துடைக்கும் லேஞ்சியை முறுக்கிக் காட்டி. "பிழிஞ்ச லேஞ்சியுரு எண்டு எழுதவா?"

வகுப்பு சிரித்தது. ஆதிலாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"எழுதுங்க. சோதினையில புள்ளி கிடைக்காது."

அந்தப் பதில் தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே சந்தேகம். அதே வேகத்தில் இரண்டு பூக்களையும் நெடுக்காகக் கிழித்து, உள்ளங்கையில் நீவி விரித்தாள். அடம்பன் அடியில் ஒடுங்கி மேலே போகப்போக அகன்றது. பூசணி அடியிலேயே அகன்றிருந்தது. பிள்ளைகள் வாங்கைவிட்டு எழுந்து வந்து பார்த்தார்கள்.

"வகுப்பு உங்களுக்குத்தான் பிள்ளை," என்றார் குணரத்தினம் பிறகு. "ஆனா உங்கட பூவுக்குக் காலமைதான் சரி. சனிக்கிழமை ஆறு மணி."

"ஓம் சேர்."

படியிறங்கும்போதுதான், காலை ஆறு மணிக்கு முன்னால் டவுனுக்கு வந்துசேர மூதூரில் பஸ்ஸே இல்லை என்பது நினைவு வந்தது. பாதிப்படியில் நின்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டு மறுபடி ஏறினாள்.

"சேர், ஆறுக்கு ஏலாது. பஸ் இல்ல. ஏழரை எண்டா வருவன்."

"ஏழரைக்குப் பூ விரிஞ்சிருக்குமோ?"

பூ விரிந்திருக்கும், நான் விரிவேனா என்றுதான் சொல்ல ஏலாது என்று சொல்ல நினைத்தாள்.

"ஓம் சேர்," என்றாள்.