பஸ் கூரையும் தூளியும்

எங்கள் வீடு ஒரு பழைய பஸ். காலையில் அதன் கூரை என் தலையில் தட்டியது. மத்தியானம் தோள் வரைக்கும் இறங்கிவிட்டது.

வேறு நாளாக இருந்தால் குனிந்துகொண்டே குடித்தனம் நடத்தியிருப்பேன். அன்று சாயங்காலம் மகள் கோகிலா பச்சைக் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். தூளி கட்டக் கூரை வேண்டும்.

"ஏனுங்க, இன்னும் எறங்குதுங்க" என்றாள் என் மனைவி தெய்வானை. உட்கார்ந்தபடியே ரசம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கரூர்ல பாதி பஸ்ஸுக்குக் கூரை போட்டவன் நான். இதென்ன பெரிய வித்தையா? உடு புள்ள."

ஜாக்கி வைத்துத் தூக்கினேன். கூரை ஏறவில்லை. ஜாக்கிதான் தரைக்குள் போய்விட்டது. போனால் போகட்டும் என்று ஏணி போட்டு மேலே ஏறினேன்.

அங்கே ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. கூடை, தூக்குப்போசி, ஒரு சேவல். பஸ்ஸை ஏலத்தில் எடுத்தபோது எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தேன். டாப்பில் ஏறிப் பார்க்கவில்லை. சே!

"ஊர் வந்துருச்சுங்களா?" என்றார் சேவல்காரர்.

"எந்த ஊருங்க?"

"நோம்பி நடக்குற ஊருங்க. திருவிழாவுக்குத்தானுங்க போறோம்."

"சக்கரத்தையே வித்தாச்சுங்க. எறங்குங்க."

"அதான் காத்தே வரலயா! ஆனா ஊர் வராம எப்படிங்க எறங்குறது?"

நியாயம்தான். எனக்குக் கோபம் வந்தது, கூடவே யோசனையும் வந்தது. ஒரு தகரத்தில் 'நோம்பி நடக்கும் ஊர்' என்று பெயின்டில் எழுதி வேலியில் மாட்டினேன். விசில் அடித்தேன். எல்லோரும் சந்தோஷமாக இறங்கிப் பலகைக்குக் கீழே நோம்பி கும்பிட ஆரம்பித்தார்கள்.

"பாத்தியா?" என்றேன் தெய்வானையிடம்.

கூரை மேலே போனது. தென்னை உயரம் தாண்டியும் போனது. தூளிக்கு எடுத்து வைத்திருந்த நூல் சேலை பாதிக்குக்கூட எட்டவில்லை.

ஆட்டோ வந்து நின்றது. குழந்தை வீறிட்டு அழுதது. வந்த அன்றைக்கே பேத்தியைக் கட்டாந்தரையிலா போடுவது? வேலிக்கு ஓடினேன்.

"நோம்பி முடிஞ்சுதுங்க! ஊருக்குத் திரும்பறவங்க ஏறலாம். ஒல்லியா இருக்கறவங்க மட்டும்!"

"அதுக்குள்ளயா?" என்று முணுமுணுத்தபடி நாலு பேர் ஏறினார்கள். சேவல்காரரும் ஏறினார். கூரை இறங்கிவந்து, தெய்வானையின் கைக்கு எட்டும் உயரத்தில் நின்றது. அவள் சேலையைக் கட்டினாள். கோகிலா குழந்தையைப் போட்டாள். அழுகை நிற்கவில்லை.

"எப்பங்க கெளம்பும்?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"மெதுவாப் பேசுங்க. கொழந்த இருக்குது."

அவர்கள் பஸ் ஓடுகிற மாதிரி அசைந்துகொடுக்க ஆரம்பித்தார்கள். தூளி ஆடியது. பேத்தி கொட்டாவி விட்டாள். நான் படியில் நின்றுகொண்டு, அவளுக்குக் கேட்காதபடி, "போலாம் ரைட்" என்றேன்.

வேலியும் தகரப் பலகையும் பின்னால் போயின. ஜன்னலில் காற்று வந்தது.