தங்கையின் அத்தியாயம்

ஊர் மாறினால் எழுத்து எப்படி மாறுகிறது, கால்போன போக்கில் திரிந்தவர்கள் எழுதியதற்கும் ஓரிடத்தில் அடைந்து கிடந்தவர்கள் எழுதியதற்கும் என்ன வித்தியாசம் என்று அக்கா பல வருடங்களாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தாள். “நடக்கறவங்களப் பத்தி ஆராய்ச்சி. ஆனா உக்காந்த நாற்காலிய விட்டு எழுந்திருக்க மாட்ட” என்று தங்கை போனில் கேலி செய்வாள். அதை வைத்து எழுதிவந்த புத்தகத்தில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அது அந்தத் தங்கையைப் பற்றியதுதான்.

கல்யாணத்துக்கு முன்பே இரண்டு கவிதைத் தொகுப்புகள் போட்டவள் தங்கை. நாலு பேர் திரும்பிப் பார்க்க ஆரம்பித்த நேரத்தில் கடல் கடந்து போனாள். புது மண் அவள் கவிதையை வேறு தினுசாகத் திறந்துவிட்டிருக்கும் என்பது அக்காவின் கட்சி. கேட்கும்போதெல்லாம், “எழுதிட்டுதான்க்கா இருக்கேன். நேர்ல வா, காட்டறேன்” என்பாள் தங்கை.

அந்த நகரத்திலேயே ஒரு கருத்தரங்கு வாய்த்தது. அக்கா பெட்டியோடு தங்கை வீட்டில் போய் இறங்கினாள். இரண்டே அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். மாப்பிள்ளை வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் தங்கை ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவிலிருந்து திரும்புவாள். இருவரும் வாசலில் சாவியை மாற்றிக்கொள்வதுதான் குடும்பம். கவிதைப் பேச்சை எடுத்தாலே அவள் பிடி கொடுக்காமல் நழுவினாள்.

அவளுடைய விடுமுறை நாளில் அக்கா விடவில்லை.

“எங்கடி, எடு பாக்கலாம்.”

தங்கை துணி மடிப்பதை நிறுத்தவில்லை. “ஒண்ணும் இல்லக்கா.”

“இல்லன்னா?”

“இங்க வந்ததுலேந்து ஒரு வரி எழுதல.”

“அப்ப போன்ல சொன்னதெல்லாம்?”

“நீ அவ்வளவு ஆசையா கேட்ட. இல்லன்னு சொல்ல வாய் வரல. அப்புறம் அப்படியே பழகிப்போச்சு.”

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. பதற்றம்தான் வந்தது. “கிளம்பு, நடந்துட்டு வரலாம். நடந்தா வார்த்தை தானா வரும்” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

தெருவில் தங்கைக்குத் தெரிந்தது, தான் பஸ் ஏறும் இடமும் ஆஸ்பத்திரியின் பின்கதவும்தான். வழியெல்லாம் மஞ்சளாகப் பூத்திருந்த மரத்துக்கு என்ன பெயர் என்று அக்கா கேட்டாள். “தெரியாது. இது இங்க இருக்கறதே இப்பதான் பாக்கறேன்” என்றாள்.

பூங்கா பெஞ்சில் உட்காரவைத்து, அக்கா காகிதமும் பேனாவும் கொடுத்தாள். தங்கையும் மறுக்காமல் குனிந்தாள். ஒரு வார்த்தை எழுதினாள், அடித்தாள். வேறொன்று எழுதி அதையும் அடித்தாள். வெந்நீர் பட்டுப் பட்டுத் தோலுரிந்திருந்த விரல்களை அக்கா அப்போதுதான் கவனித்தாள்.

“வரலக்கா. அந்த மெஷின் சத்தம் மட்டும்தான் உள்ள ஓடுது.” பேனாவை மூடினாள். “நான் எழுதறேன்னு நம்பிட்டு இருந்தது நீ ஒருத்திதான். இப்ப அதுவும் போச்சு.”

அக்கா ஏதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்ததெல்லாம் அவளுடைய புத்தகத்து வாக்கியங்களாக இருந்ததால் சொல்லவில்லை.

கருத்தரங்கில் கட்டுரையை வாசித்து முடித்ததும் ஒரு பேராசிரியர் எழுந்தார். “இடம் மாறினதால எழுத்தே நின்னுபோனவங்க இருப்பாங்களே. அவங்க?”

“அவங்க என் ஆய்வு வரம்புக்குள்ள வரல” என்றாள் அக்கா. அரங்கம் அதை ஒப்புக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டது.

சாயங்காலம், “நல்லா பேசினியா?” என்று தங்கை கேட்டாள். “ம்” என்றாள் அக்கா.

கடைசி அத்தியாயம் இல்லாமலே புத்தகம் வந்தது. நல்ல பெயரும் வாங்கியது. அக்கா தங்கைக்குப் பிரதி அனுப்பவில்லை, தங்கையும் கேட்கவில்லை. போனில் இப்போதும் பேசிக்கொள்கிறார்கள். உடம்பு எப்படி, மழை உண்டா, மாப்பிள்ளைக்கு எந்த ஷிப்ட். அதற்குள் பேசுவதற்கு ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. “சரிக்கா, வைக்கறேன்” என்கிறாள் தங்கை.